தகரப் பெட்டிக்குள் நாலு டிகிரி

போன வாரம் கூலிங் விட்ட ஒரு வார்த்தையால் அந்த வீட்டில் ஆறு நாளாக யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அம்மா மாதிரியே நீயும் திருட்டுத்தனமா தின்னுதான் சாகப்போறே" என்று சொந்த அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அதைப் படித்த வாசகி ஒருவர், அவனை அவன் செய்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போட்டுப் பூட்டும்படி எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இன்று நமக்கு அந்த ஃப்ரிட்ஜிடம்தான் வேலை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வரி. கூலிங் என்று ஊரே கூப்பிடும் இவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவனை வளர்த்து ஆளாக்கிய அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தெருவுக்கே டீச்சரக்கா. அவன் மனைவி ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவைக் கவனிக்கிறாள். பன்னிரண்டு பெண்களைக் கட்டி மேய்ப்பதால் அங்கே அவளுக்கு மேஸ்திரி என்று பெயர், வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

டீச்சரக்காவுக்குச் சர்க்கரை. இரண்டு வேளை இன்சுலின் ஊசி. பத்து வருடம் ஒழுங்காக இருந்த சர்க்கரை இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் ஊசியின் அளவை இரண்டு தடவை கூட்டியும் அது இறங்குகிற வழியாக இல்லை. அப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கைப்பையில் ஒன்பது சாக்லேட் தாள்கள் கிடைத்தன. கூலிங்குக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

முப்பத்தோரு வருடம் காப்பியடித்த பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவளை இப்போது திருடி என்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. வெளியூரில் இருக்கும் பழைய சிநேகிதி ஒருத்தியோடு போய்த் தங்கிவிடுவதென்று முடிவு செய்தாள். இன்று சனிக்கிழமை. பன்னிரண்டேகாலுக்கு வாடகைக் கார், ஒரு மணிக்குப் பஸ்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி வேலைக்குக் கிளம்பும்போதே டீச்சரக்காவின் அறையில் விளக்கு எரிந்தது. பெட்டியில் பாதிப் புடவைகள் அடுக்கியாகிவிட்டன.

"அக்கா, அவர் கோபத்துல உளறிட்டார். அதுக்காக வீட்டை விட்டுப் போவீங்களா?"

"கோபத்துல உளறலை மேஸ்திரி. நம்பித்தான் சொன்னான். அதுதான் வலிக்குது."

"நான் நம்பலையே அக்கா."

டீச்சரக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமா நம்பலையா?"

ஒன்பது தாள்கள் மேஸ்திரியின் கண்முன்னே ஒருமுறை வந்துபோயின. அந்த அரை நொடித் தயக்கத்தை டீச்சரக்கா கவனித்துவிட்டாள். மறுபடி புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

வழிக்கு எத்தனை மருந்துக் குப்பிகள் இருக்கின்றன என்று பார்க்க மேஸ்திரி சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அது கூலிங் தன் கையாலேயே அக்காவின் பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்தது. மருந்து மட்டும் வைக்க. கதவில் பச்சை எழுத்தில் எப்போதும் '4' என்று காட்டும். பகலில் கரண்ட் போய் வருவதால், விடியற்காலை இரண்டு முதல் ஐந்து வரை மோட்டார் நிற்காமல் ஓடிக் குளிரைச் சேர்த்து வைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தான். உள்ளே பின்பக்கத் தகட்டோடு ஒட்டினாற்போல் ஒரு தகரப் பெட்டி. குப்பிகள் அதில்தான் சாய்ந்திருக்கும்.

நாலு குப்பிகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே மருந்து அசையவில்லை. விரல் நுனி சில்லிட்டது. 'அக்காகிட்ட கோபம், அக்கா மருந்துகிட்ட மட்டும் எவ்வளவு பாசம்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குப்பியை வைத்துவிட்டு ஓடினாள். ஐந்தரைக்குப் போகாவிட்டால் படுக்கை விரிப்புகள் மலைபோல் குவிந்துவிடும்.

*

ஒன்பதரைக்குச் சலவைக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் கால் வீட்டுப் பக்கம்தான் திரும்பியது. பிறகு நூலகத்தின் பக்கம் போனது. வீட்டுக்குப் போய் அக்கா கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்குத் தெம்பில்லை. சரியாகச் சொன்னால் பயம்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அறிவியலை விட்டவர்கள், அறிவியலால் கைவிடப்பட்டவர்கள், எல்லோரும் வரலாம். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதுதான் பாடம். பஸ் டிரைவர் ஒருவர், கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர், இன்னும் ஆறேழு பேர். பாடம் எடுப்பவள் மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், மேஸ்திரியைவிடப் பத்து வயது சிறியவள். எல்லோருக்கும் அவள் லேப் மேடம்.

மேஸ்திரி சேர்ந்தபோது கூலிங் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. "நாற்பத்தாறு வயசுல அதைத் தெரிஞ்சுகிட்டு என்ன கிழிக்கப்போறே?" என்றான். "துணியைக் கிழிக்காம மடிக்கிறவ நான். இதையும் அப்படியே பார்த்துக்கறேன்" என்றாள் இவள்.

உண்மையில் அந்த வகுப்பு அவளைப் பிடித்து உலுக்கிவிட்டிருந்தது. செல் என்றால் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உள்ளே சந்தை நெரிசல் என்று யார் சொன்னார்கள்? மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டு கால் முளைத்தாற்போன்ற ஒரு புரதம், தன்னைவிடப் பெரிய மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு கம்பிமேல் அடியெடுத்து வைத்து நடக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பஸ் டிரைவர் மட்டும், "இத்தனை ட்ராஃபிக்ல ஹாரனே இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டார்.

இன்று பாடம் புரதத்தின் வடிவம்.

"புரதம்ங்கிறது நீளமான மணிச்சரம்" என்றாள் லேப் மேடம். "அப்படியே நீட்டமா இருந்தா ஒரு வேலையும் செய்யாது. தனக்குன்னு ஒரு விதமா மடங்கணும். அந்த வடிவம்தான் வேலை செய்யுது."

இது மேஸ்திரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பு ஒன்று உண்டு. மடிக்கத் தெரிந்தால் புத்தகம்போல் அடங்கும். மடிப்பு தப்பினால் பந்தாகச் சுருண்டு பக்கத்து விரிப்பையும் இழுத்துக்கொண்டு கிடக்கும். அவள் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

"உதாரணத்துக்கு இன்சுலின். ரெண்டு சரம், மொத்தம் ஐம்பத்தோரு மணி. அவ்வளவு சின்னது. அது செல்லுக்குள்ள நுழையறதில்லை. வெளிச்சுவர்ல இருக்கிற இன்னொரு புரதத்துல வந்து கச்சிதமா பொருந்தும். உடனே உள்ளே தகவல் போகும். சர்க்கரை நுழையற கதவுகள் மேல வரும். வடிவம் கெட்டுப்போனா பொருந்தாது. கதவும் வராது. சர்க்கரை ரத்தத்துலயே சுத்தும்."

"எப்போ மேடம் வடிவம் கெடும்?" கடிகாரக்காரர்தான் எப்போதும் கேள்வி கேட்பவர்.

"சூடு பட்டா கெடும். முட்டையை வேக வெச்சா வெள்ளையாகுதே, அதுவும் அப்படித்தான். ஆனா குளிரும் கெடுக்கும். இன்சுலின் உறைஞ்சா, தண்ணி பனிக்கட்டியாகும்போது மூலக்கூறுகளை நெருக்கித் தள்ளும். வடிவம் குலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். திரும்ப உருகினா பார்க்கத் தெளிவா, புதுசு மாதிரியேகூட இருக்கலாம். ஆனா நம்பி ஊசி போடக்கூடாது."

மேஸ்திரியின் பேனா நின்றது.

விடியற்காலையில் கவிழ்த்த குப்பி. அசையாத மருந்து.

"மேடம், உறைஞ்சு உருகி, உறைஞ்சு உருகி... தினமும் அப்படி ஆனா?"

"அந்த மருந்தை யாராவது போட்டுக்கிறாங்களா?" லேப் மேடத்தின் குரல் மாறியது.

"எங்கக்கா" என்றாள் மேஸ்திரி. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணி பதினொன்றரை.

"ஏறும்மா, வாசல்ல என் ஸ்கூட்டர் நிக்குது" என்று பஸ் டிரைவர் அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.

*

வாடகைக் கார் பதினைந்து நிமிடம் முன்பே வந்து நின்றிருந்தது. டீச்சரக்கா பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கூலிங் கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்கூட்டரிலிருந்து குதித்த மேஸ்திரி நேராக வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி மேஸ்திரி. நேரமாகுது."

"உங்க நோட்டைக் கொடுங்க அக்கா. சர்க்கரை எழுதி வைப்பீங்களே, அந்த நோட்டு."

"எதுக்கு?"

"நீங்க பொய் சொல்லலைன்னு அதுல எழுதியிருக்கு."

டீச்சரக்கா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தேதி, வேளை, எண் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது. மேஸ்திரி இரண்டு மாதம் பின்னால் புரட்டினாள். பிறந்தநாளன்று ஓரத்தில் ஒரு வரி: 'தம்பி செய்த ஃப்ரிட்ஜ் வந்தது. மிக்க மகிழ்ச்சி.' அதற்கு மேலே 128, 134, 121. கீழே 160. பிறகு 205. பிறகு 250. நேற்று 318.

"அக்கா, தினமும் காலையில எட்டு மணிக்குத்தானே மருந்தை எடுப்பீங்க?"

"ஆமா."

"எட்டு மணிக்கு அது உருகியிருக்கும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. என்னன்னு தெரியாம திரும்ப வெச்சுட்டேன்."

"உறைய வைக்கக்கூடாதுன்னு மருந்து அட்டையிலேயே போட்டிருக்கே!" டீச்சரக்கா செருப்போடு உள்ளே வந்தாள். "நான் ஒருநாள்கூட ஐஸைப் பார்க்கலையே. கதவுல நாலுன்னுதானே காட்டுது."

"நாலுதான் காட்டும், ஏன்னா நாலுதான் இருக்கு!" கூலிங்குக்கு இப்போதுதான் வாய் திறந்தது. "இருபத்திரெண்டு வருஷமா இதே வேலை பார்க்கிறேன். வகுப்புல நாலு நாள் உட்கார்ந்துட்டு வந்து என் ஃப்ரிட்ஜைக் குறை சொல்றியா?"

"சென்சாரை எங்கே வெச்சீங்க?"

"கதவுக்குப் பக்கத்துல."

"மருந்து எங்கே இருக்கு?"

கூலிங் விறுவிறுவென்று போய்த் தன் வெப்பமானியை எடுத்துவந்து, அதன் கம்பி முனையைத் தகரப் பெட்டிக்குள் குப்பிகளுக்கு நடுவே செருகினான். இரவில் ஓடுவதுபோல் மோட்டாரை ஓடவிட்டான். மூன்று பேரும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே கார்க்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, மூன்று பேர் ஒரு ஃப்ரிட்ஜை முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு தலையைச் சொறிந்துகொண்டே காருக்குத் திரும்பினார்.

ஐந்து. மூன்று. ஒன்று.

கதவில் பச்சை எழுத்து நாலு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

பூஜ்ஜியம். அரை மணி நேரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று.

கூலிங் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தான். கறியும் மீனும் ஐஸ்கிரீமும் வைக்கிற ஃப்ரிட்ஜ்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன். குளிர் போதவில்லை என்றுதான் ஊரே அவனிடம் வந்து நின்றிருக்கிறது. குளிர் அதிகமாகிவிட்டது என்று ஒருத்தர்கூட வந்ததில்லை. தகடும் தகரமும் ஒட்டியிருந்தால் குளிர் நேராக இறங்கும் என்பதற்காகத்தான் பெட்டியை அவ்வளவு நெருக்கமாக வைத்தான். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லவும் செய்தான்.

டீச்சரக்கா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். "நானே என்னைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா?" என்றாள் மெதுவாக. "தூக்கத்துல எழுந்து போய் எதையாவது தின்கிறேனோன்னு. சமையலறைக் கதவுல தினமும் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு நூலைக் கட்டி வெச்சேன். காலையில அறுந்திருக்கான்னு போய்ப் பார்ப்பேன். ஒருநாளும் அறுந்ததில்ல. அப்பவும் நம்பிக்கை வரலை."

அந்த நூலை மேஸ்திரியும் பார்த்திருந்தாள். ஏதோ ஒட்டடை என்று துடைத்து எறிந்திருந்தாள், காலையில், அக்கா வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு.

"டாக்டருக்குப் போன் போடுங்க அக்கா. இப்பவே."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். குப்பிகள் அத்தனையையும் தூரப்போடச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்குப் போய் என்ன செய்யறதா இருந்தீங்க?"

"இது வெயில்ல வீணாப் போயிடும்னு, அங்கேயே புது மருந்து வாங்கிக்கலாம்னு இருந்தேன் டாக்டர்."

"எந்த அளவு போட்டுக்கறதா?"

"நீங்க கூட்டிக் கொடுத்தீங்களே, இருபத்தாறு."

"கெட்டுப்போன மருந்தை வெச்சுக் கூட்டின அளவும்மா அது. நல்ல மருந்தை அந்த அளவுல போட்டிருந்தா சர்க்கரை தடதடன்னு இறங்கி நினைவு தப்பியிருக்கும். சிநேகிதி கவனிக்கலைன்னா உயிருக்கே ஆபத்து. பழைய பதினாலுக்கே வாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எனக்குச் சொல்லுங்க. திங்கட்கிழமை நேர்ல வாங்க." கடைசியாக, "யார் இதைக் கண்டுபிடிச்சது?" என்றார்.

"எங்க வீட்டு மேஸ்திரி" என்றாள் டீச்சரக்கா.

கூலிங் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனான். கார்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, மருந்துக்கடைக்குச் செருப்பில்லாமல் ஓடிப் புதுக் குப்பியோடு திரும்பி வந்தான். அதை அக்காவின் கையில் கொடுக்கும்போது உடைந்துவிட்டான்.

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்க்கா செஞ்சேன். நானே உன்னைக் கொல்லப் பார்த்துட்டு, உன்னையே திருடின்னும் சொல்லிட்டேன்."

டீச்சரக்கா அவன் தலையில் கை வைத்தாள். "தப்பு போட்டா மார்க்கைக் குறைப்பேன். பரீட்சை அறையை விட்டு வெளியே அனுப்பமாட்டேன். மூக்கைத் துடை."

*

ஒரு மணிக்கு 316. டீச்சரக்கா ஊசி போட்டுக்கொண்டதும் சாப்பிட்டார்கள். ஆறு நாளைக்குப் பிறகு மூன்று தட்டுகள் ஒன்றாக வைக்கப்பட்டன.

மூன்று மணிக்கு 240.

ஐந்து மணிக்கு டீச்சரக்கா விரலைக் குத்தும்போது மூன்று தலைகளும் அந்தச் சின்னக் கருவியின் மேல் குனிந்தன. 165. கூலிங் குதித்தான். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டாள். கதவுகள் மேலே வருகின்றன. அக்காவின் உடம்பில் கோடிக்கணக்கான கதவுகள் இந்த நொடியில் திறக்கின்றன, சர்க்கரை முண்டியடித்துக்கொண்டு உள்ளே போகிறது. அவளுக்கு அது கண்ணில் தெரிந்தது. நெஞ்சில் ஆறு நாளாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

"அக்கா, காலையில நீங்க கேட்டீங்களே, நம்பறியான்னு. நான் ஒரு நிமிஷம் தயங்கிட்டேன்."

"அரை நொடி" என்றாள் டீச்சரக்கா. "அதுக்கும் மார்க் குறைச்சுட்டேன். மத்தியானம் திருப்பிக் கொடுத்துட்டேன்."

மேஸ்திரி எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். கடைசிப் புடவையை வைக்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அப்போ அந்தச் சாக்லேட் தாளெல்லாம் யாருடையது அக்கா?"

கூலிங் சட்டென்று எழுந்து, "டீ போடட்டுமா?" என்றான்.

"உட்காரு" என்றாள் டீச்சரக்கா. பள்ளிக்கூடக் குரல். அவன் உட்கார்ந்தான். "உன் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பைக்குள்ள ரெண்டு, மூணுன்னு கிடைச்சுது. தனியா இருக்கும்போது கேட்கணும்னு சேர்த்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீ என்னையே பிடிச்சுட்டே. மேஸ்திரி முன்னால உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை."

"ஸ்பானர் பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன்க்கா" கூலிங்கின் குரல் தேய்ந்தது. "நீ அதுலேருந்து எடுத்துட்டேன்னு நினைச்சேன். என்னாலதான் உனக்கு ஏறுதுன்னு பயம். அதான் அப்படிக் கத்திட்டேன். நான் இத்தனை தின்னேன்னு எனக்கே தெரியலை."

"ராத்திரியில எத்தனை தடவை தண்ணி குடிக்க எழுந்திரிக்கிறே?"

மேஸ்திரிதான் சொன்னாள். "மூணு தடவை. கட்டில் பக்கத்துல வைக்கிற செம்பு விடியறதுக்குள்ள காலியாயிடும். வெயில் காலம்னு நினைச்சேன்."

"விரலைக் காட்டு."

அவன் காட்டினான். அத்தனை பெரிய கைக்காரன், சின்ன ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கருவி ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணியது.

டீச்சரக்கா எண்ணைப் பார்த்தாள். கருவியை யாருக்கும் காட்டாமல் மடியில் வைத்தாள். தம்பியின் விரலைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டாள்.

"நான் எங்கேயும் போகலைடா" என்றாள். நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டு, மேலே 'தம்பி' என்று எழுதினாள்.